நீலப் புள்ளித் தேனீ பற்றி ஒரு திருத்தம்

அறுபதுகளின் நடுவில் பம்பாய்ச் செம்பூரில் எங்கள் காலனியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. நான் அதன் ஆசிரியர். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. பக்கத்து வீட்டுக்காரருக்கு முத்து முத்தான கையெழுத்து. அவர் நாற்பது பக்கத்தை எழுதித் தருவார். அதைத் தைத்து, அட்டை போட்டு, முதல் பக்கத்தில் முப்பத்திரண்டு வீடுகளின் எண்களை வரிசையாகக் குறித்து அனுப்பிவைப்போம். ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கலாம். மூன்றாம் நாள் அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். சில வீடுகளில் ஒரு வாரம்கூடத் தங்கிவிடும். தொடர்கதையின் ஐந்தாம் அத்தியாயம் நான்காம் அத்தியாயத்தை முந்திக்கொண்டு போனதும் உண்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தொடர்கதை நான் எழுதியது.

கடைசி எட்டுப் பக்கத்தை எழுதாமல் விடுவோம். அது கருத்துப் பக்கம். படித்தவர்கள் தோன்றியதை எழுதலாம். பத்திரிகை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டியது அதைத்தான். பலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வருஷம் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் கண்டுபிடித்தார். காலையில் நடக்கச் சொன்னார். வாரம் ஆறு நாளும் குர்லாவில் வண்டி மாறவே நேரம் சரியாக இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மான்குர்த் பக்கம் போகும் பாதையில், அண்ணன் தம்பி வழக்கில் பாதியில் நின்றுபோன ஒரு பங்களா இருந்தது. கூரை இல்லை. மண் சாந்து வைத்துக் கட்டிய ஒரு நீளச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. எதிரே ஒரு பாதாம் மரம். சர்க்கரைக்கு அதுவரை நடந்தால் போதும் என்று நானாக முடிவு செய்து, அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன்.

அந்தச் சுவரில் தேனீக்கள் இருந்தன. கூட்டமாகத் தேன் கூடு கட்டும் ஜாதி இல்லை. இது தனிக்குடித்தனம். ஒவ்வொன்றும் செங்கல்லுக்கு நடுவில் உள்ள மண்ணைக் குடைந்து தனக்கென்று ஒரு பொந்து வைத்திருந்தது. பழுப்பு நிறத் தோள், கறுப்பு வயிறு, வயிற்றில் பளபளவென்று நீலப் பட்டைகள். ஓயாத உழைப்பு. மண்ணைக் குடையும், பின்னாலேயே நகர்ந்து வந்து வெளியே தள்ளும், பறந்து போய்ப் பின்னங்கால்களில் மஞ்சளாக மகரந்தத்தை அப்பிக்கொண்டு திரும்பும்.

அதே சுவரில் இன்னொன்றும் சுற்றியது. உருவம் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் உடம்பு முழுக்கக் கன்னங்கறுப்பு. அதில் வெளிர்நீலப் புள்ளிகள், யாரோ பொறுமையாகப் பொட்டு வைத்ததுபோல. இது குடையவில்லை. மண் தள்ளவில்லை. காலில் ஒரு துளி மகரந்தம் கிடையாது. சுவரோரமாக மெதுவாக மிதக்கும். ஒரு பொந்தின் எதிரில் நின்று பார்க்கும். பட்டைத் தேனீ வெளியே போனதும் சாவகாசமாக உள்ளே நுழையும். சிறிது நேரத்தில் வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும்.

நன்றாக உடுத்திக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், அடுத்தவள் கட்டிய வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தால் அது கணவன்தான் என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி இருந்தது.

டிசம்பர் இதழில் நான்கு பக்கம் எழுதினேன். “பல நாட்கள் உற்றுக் கவனித்ததில்” என்று ஆரம்பம். பெண் தேனீ வீடு கட்டுகிறது, சமைக்கிறது, கடைக்குப் போகிறது; ஆண் தேனீ இஸ்திரி போட்ட சட்டையுடன் வெளியே கிளம்பி, காபி ஆயிற்றா என்று பார்க்க மட்டும் வீட்டுக்கு வருகிறது. இந்த ரீதியில் போகும். என் எழுத்தில் நன்றாக வந்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று என்று அப்போது நினைத்தேன். முதல் பத்து வீடுகளில் பெண்மணிகள் கருத்துப் பக்கத்தில் பாதியை நிரப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். “எங்கள் வீட்டுத் தேனீ இரவு எட்டுக்குத்தான் கூட்டுக்கு வருகிறது, அதுவும் பசியுடன்” என்று ஒருவர். என் மனைவி ஒன்றும் எழுதவில்லை. “நன்னாத்தான் இருக்கு. காபி ஆயிடுத்து, வந்து குடிச்சுட்டுப் போங்கோ” என்றாள்.

நாலு வாரம் கழித்து, காலை வண்டியில், எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டாம் கட்டிடத்துக்காரர் என் முழங்காலில் தட்டினார். வங்கியில் காஷியர். சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே பேசுவார்.

“உம்ம தேனீக்கு நான் ஒரு கருத்து எழுதியிருக்கேன், பாத்தீரா?”

“என் கைக்கு இன்னும் திரும்பி வரலையே. என்ன எழுதினீர்?”

“இப்படி ஒரு புள்ளித் தேனீ மூன்றாம் கட்டிடம் முதல் மாடியிலும் உண்டு, தினமும் எட்டு மணிக்கு டிபன் டப்பா சகிதம் பறக்கும், ராணித் தேனீ தாராவியில் மகரந்தம் சேகரிக்கிறதுன்னு எழுதினேன். பேர் போடலை. எப்படி?”

மூன்றாம் கட்டிடம் முதல் மாடியில் இருந்தவரைக் காலனியில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். திருநெல்வேலிக்காரர். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சரக்குச் சோதிப்பவராக இருந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் அளவுக்கட்டையில் வைத்துப் பார்த்து, சரி, தப்பு என்று இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடுகிற வேலை. ஒர்க்‌ஷாப்பை ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அவர் மனைவி தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதிலிருந்து வீடு அந்தச் சம்பளத்தில் ஓடியது. அண்ணாச்சி தினமும் காலை எட்டு மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாணேப் பக்கம் வேலை தேடப் போவார். மாலை ஆறுக்குத் திரும்புவார். குழந்தைகள் இல்லை.

எழுதும்போது அவரை நினைத்தேனா என்றால், முழுக் கட்டுரையிலும் நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை என்ற இடத்தில் நினைத்தேன்.

“பத்திரிகை இப்ப யாராத்துல இருக்கு?”

“நேத்தே கொடுத்துட்டேனே. எனக்கு அடுத்த நம்பர் அண்ணாச்சியோடதுதானே.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மூன்றாம் கட்டிடத்துக்குப் போனேன். என்ன சொல்வதென்று விக்டோரியா டெர்மினஸிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன். குர்லா வரை ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கதவு திறந்தே இருந்தது. டீச்சர் இன்னும் வரவில்லை. அண்ணாச்சி மேஜையில் பத்திரிகையை விரித்துவைத்து, மையொற்றும் தாளால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. நாளைக்குத்தான அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும்? அதுக்குள்ள அவசரமா?”

“அவசரமில்லை அண்ணாச்சி. அந்தக் கருத்துப் பக்கத்தில் யாரோ கண்டதை எழுதி…”

“அத விடுங்க. அது ஆளு புத்தி. அதுக்கு யாரு மருந்து குடுக்க? நான் சொல்லுதது தேனீய. நீங்க எழுதினது தப்பு சார்.”

“தப்பா?”

“அது புருசன் இல்ல. அதுவும் பொம்பளதான். வேற ஜாதி.”

பத்திரிகையை என் பக்கம் திருப்பினார். காஷியரின் கருத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, மூன்று பக்கம் எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. ஒரு லாட் சரக்கைச் சோதித்துவிட்டு எழுதும் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. தலைப்பு: “நீலப் புள்ளித் தேனீ பற்றி ஒரு திருத்தம்.”

பட்டைத் தேனீயின் ஆண் வேறு. அதற்கும் பட்டைதான், பெண்ணைவிட ஒன்று அதிகம், முகம் வெளுப்பு. அது சுவருக்கு வருவதே இல்லை. பொழுது சாயும்போது நாலைந்து ஆண்கள் ஒரே காய்ந்த குச்சியில் வரிசையாகப் பல்லால் கடித்துத் தொங்கிக்கொண்டு தூங்கும். புள்ளித் தேனீயும் அப்படித்தான் குச்சியைக் கடித்துக்கொண்டு தூங்கும், ஏனென்றால் அதற்கு வீடு கிடையாது. செத்துக் கிடந்த ஒன்றைக் கடிகாரக்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்ததில், அதன் பின்னங்காலில் மகரந்தம் ஒட்டும் மயிர் அடர்த்தி இல்லை. ஆகவே அது சோம்பேறி என்பது தவறு. சுமப்பதற்கு அதற்குக் கூடையே கொடுக்கப்படவில்லை.

பிறகு சோதனை. பட்டைத் தேனீ பொந்துக்குள் அறை அறையாகச் செய்து, ஒவ்வொன்றிலும் மகரந்தத்தையும் தேனையும் குழைத்து வைத்து, ஒரு முட்டையிட்டு மூடுகிறது. புள்ளித் தேனீ நுழைந்து போன ஒரு பொந்தை அவர் குறித்துவைத்தார். அது வேலை முடிந்து கைவிடப்பட்டதும், வாசலில் ஒரு தீப்பெட்டியைத் திறந்து கவிழ்த்து, சுற்றிலும் மண் பூசி ஒட்டினார். நாற்பதாம் நாளை ஒட்டி இரண்டு பட்டைத் தேனீக்கள் பெட்டிக்குள் வந்தன. அவற்றை விட்டுவிட்டார். நாற்பத்து மூன்றாம் நாள் மூன்றாவதாக ஒன்று வந்தது. புள்ளி. பட்டைத் தேனீ கட்டி, பட்டைத் தேனீ சாமான் வாங்கி வைத்த அறையில், புள்ளித் தேனீயின் பிள்ளை. காக்கைக் கூட்டில் குயில் செய்வதுதான் இது என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலத்திலும் அதற்குக் குயிலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று. ஆபீஸ் பக்கம், கோட்டைப் பகுதியில் ஒரு நூலகத்தில் தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னதில் பிழை இல்லை. அவர் பார்க்க முடியாத ஒன்றைத்தான் புத்தகம் கூடுதலாகச் சொன்னது: புள்ளித் தேனீயின் புழு பிறக்கும்போதே அரிவாள் மாதிரி வளைந்த தாடையோடு பிறக்கிறது. முதல் காரியமாக அந்த அறையின் உரிமையாளரைத் தீர்த்துவிட்டு, பிறகு நிதானமாகச் சாப்பிட உட்காருகிறது. நான் அதைக் கணவன் என்று எழுதியிருந்தேன்.

ஆனால் அன்று மேஜையில் நான் தேனீயிடம் நிற்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றேன். “இந்தப் பொந்தில் வேறு எதுவும் நுழையவில்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், செப்டம்பர் நடுவிலிருந்து வேலை நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அந்தச் சுவருக்கு எதிரே மரத்தடியில் இருந்து வருகிறேன்.”

இரண்டு தடவை படித்தேன்.

“அண்ணாச்சி, டீச்சர் இதைப் படிச்சாச்சா?”

“அவளுக்கு எங்க நேரம்? பரீச்சப் பேப்பரு திருத்துதா.”

“படிப்பாங்களா?”

“கருத்துப் பக்கத்த பாக்காம யாரு சார் அடுத்த வீட்டுக்குக் குடுப்பா?”

“அப்ப இந்த வரி…”

“தெரியும்” என்றார். மையொற்றும் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். “மொதல் மூணு வாரம் நெசமாவே போனேன் சார். தாணே, முலுண்ட், பாண்டுப் எல்லாம். நாப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு எவன் குடுப்பான்? கேட்லயே வாட்ச்மேன் ‘ஜாவ் சாச்சா’ன்னு வெரட்டுதான். பெறகு ஸ்டேசனுக்குப் போகாம, கேட்டத் தாண்டிப் போயி அந்த மரத்தடில உக்காந்தேன். ஒரு நாளு. பெறகு தெனமும்.”

“இந்த ஒரு வரியை எடுத்துடலாம் அண்ணாச்சி. நான் ஆசிரியர், எனக்கு உரிமை உண்டு. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற பக்கம் ஒட்டித் தரேன். ‘நீண்ட நாள் கவனித்ததில்’னு எழுதுங்க, போதும்.”

“நீண்ட நாள்னா எத்தன நாளு?”

நான் என் கட்டுரைப் பக்கத்தைப் புரட்டினேன்.

“நீங்களும் பல நாளு உத்துப் பாத்தேன்னுதான எழுதியிருக்கிய? எத்தன நாளு பாத்திய?”

“நாலு ஞாயித்துக்கிழமை.”

“பாத்தியளா? எவ்வளவு நேரம் பாத்தேன், எங்க இருந்து பாத்தேன்னு சொல்லலேன்னா அது ரிப்போர்ட் இல்ல சார், பேச்சு. அந்த வரி போனா தீப்பெட்டிச் சோதன நிக்காது. எவனாவது, நடுவுல வேற ஏதாச்சும் நொழஞ்சிருக்கும்பான். நான் என்ன பதில் சொல்ல?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்கு என்ன விலை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. வரியை எடுத்தால் அவர் கண்டுபிடித்தது போகும். வைத்தால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். டீச்சரோடு இன்னும் பதினெட்டு வீட்டுக்கும்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர் உள்ளே வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பேப்பர் கட்டு. என்னைப் பார்த்து, “வாங்க சார். காப்பி குடிச்சியளா?” என்றார். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சைப் பார்க்கிற பார்வை. குடையை வைத்துவிட்டு, நின்றபடியே பத்திரிகையை எடுத்தார்.

முதலில் காஷியர் எழுதியதைப் படித்தார். உதட்டை ஒரு மாதிரி மடித்துக்கொண்டார். பிறகு கோட்டுக்குக் கீழே படித்தார். டீச்சர்கள் வேகமாகப் படிப்பவர்கள். இரண்டாம் பக்கத்தில் மட்டும் அதிக நேரம் ஆனது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

“போன வியாழக்கிழம தாணேல இன்டர்வியூன்னு சொன்னியளே?”

“சொன்னேன்.”

“எங்க இருந்திய?”

“அன்னைக்குத்தான் தீப்பெட்டில புள்ளி வந்துது” என்றார் அண்ணாச்சி.

டீச்சர் பத்திரிகையை மேஜையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“மாசத்துல ரெண்டு நாளு ரேசன் அரிசிக்கு லீவு போட்டுட்டு நான் கியூவுல நிக்கேன். அரிசி வந்துட்டுன்னு ஆளு வந்து சொன்னா, கிளாஸ விட்டுட்டு ஓடியாறேன். ஹெட்மாஸ்டரு மொறைக்காரு. நீங்க மரத்தடில உக்காந்து பூச்சி பாக்கிய. சொல்லியிருந்தா கார்டக் குடுத்திருப்பேன்லா?”

“பகல்ல நான் வீட்டுப் பக்கம் நடமாடினா நாலு பேரு என்ன சொல்லுவா…”

“நாலு பேரு இந்தா எழுதியே வச்சிருக்கானே! இனி என்ன சொல்லப் போறான்?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல மொசைக் தரை.

“டீச்சர்,” என்றேன், “தப்பு என்னுது. அந்தப் பக்கத்தை நான் எடுத்துடறேன்.”

“எடுக்க வேண்டாம் சார்.” அவர் கணவரைப் பார்த்தார். “இதுல எழுதியிருக்குததெல்லாம் சரியா? தேனீ சமாசாரம்?”

“சரிதான்.”

“கையால செஞ்சு பாத்தியளா?”

“பாத்தேன்.”

“அப்ப இருக்கட்டும். வெவரமாத்தான் இருக்கு” என்றார். அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே, “ரேசன் கார்டு காலண்டருக்குப் பின்னால இருக்கு. சனிக்கிழம அரிசி வருதாம். ஏழு மணிக்கே போயி நின்னாத்தான் கெடைக்கும்” என்று குரல் வந்தது.

காபி வந்தது. குடித்தேன். அதில் சர்க்கரை இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கிளம்புமுன் அண்ணாச்சியின் பேனாவை வாங்கி, அவருடைய மூன்று பக்கத்துக்கும் கீழே எழுதினேன்: “ஆசிரியர் கவனித்தது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், வீட்டுக் காபிக்கு முன். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார். மூன்றாம் கட்டிடத்தைப் பற்றி மேலே எழுதப்பட்டதற்கும் அவரே காரணம்.” நான் எழுதியதில் அதுதான் மிகச் சிறியது. அதற்கு யாரும் கருத்து எழுதவில்லை. மீதிப் பதினெட்டு வீடுகளும் பத்திரிகையை ஒழுங்காக இரண்டிரண்டு நாளில் கைமாற்றின. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு என் மனைவி அரிசிப் பையோடு திரும்பி வந்தாள்.

“ஏன்னா, அண்ணாச்சி கியூவுல நின்னார். சலவைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. அம்பது பொம்மனாட்டிக்கு நடுவுல ஒரே ஆம்பளை.”

“யாராவது ஏதாவது சொன்னாளா?”

“சொல்ல வந்தா. அதுக்குள்ள இவர் முறை வந்துடுத்து. கடைக்காரன் தராசைத் தூக்கின உடனே கொட்டப் போனான். இவர், ‘ருகோ பாய், கொஞ்சம் பொறு, முள்ளு நிக்கட்டும்’னார். அவன் முறைச்சான். இவர் நகரலை. முள்ளு நிக்கற வரைக்கும் கண்ணை எடுக்காம பாத்துண்டே இருந்தார். அப்புறம் இன்னும் ரெண்டு பிடி போட வேண்டியிருந்தது. அதுக்கு மேல அந்தப் பொம்மனாட்டிகள் இவரை விடுவாளா? கடைசி ஆள் வாங்கற வரைக்கும் பக்கத்துலேயே நிக்க வெச்சுட்டா.”

அண்ணாச்சிக்கு வேலை கிடைக்க இன்னும் ஏழு மாதம் ஆயிற்று. தாராவியில் ஒரு லேத் பட்டறை. அதே போல்ட், அதே இரண்டு பெட்டி. அந்த ஏழு மாதமும் எங்கள் காலனிக்கு அரிசி வந்த நாளெல்லாம் அண்ணாச்சி தராசுக்குப் பக்கத்தில் நின்றார். முடிந்ததும் பையை வீட்டில் வைத்துவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, காலனியின் நடு ரோட்டில், எல்லோரும் பார்க்கச் சுவருக்குப் போவார்.